பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?

மாதத்தின் இரண்டாம் தேதி. கைப்பேசியில் பேலன்ஸ் பார்க்கிறீர்கள். 26,500 ரூபாய். மனசு லேசாகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வெளியே போய்ச் சாப்பிடலாம், ரொம்ப நாளாகச் சத்தம் போடும் மிக்ஸியையும் மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. பதினெட்டாம் தேதி அதே ஆள் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, "நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணா" என்கிறார். நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு வரவில்லை, யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, ஊதாரித்தனமும் கிடையாது. இரண்டாம் தேதி பார்த்த எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டார், அவ்வளவுதான்.

வங்கிக்குத் தெரிந்தது, இந்த நிமிடம் உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான். அதில் யார் யாருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் திரையில் தெரியும் மீதி வேறு, செலவு செய்யக்கூடிய மீதி வேறு. வீட்டுப் பணத்தை நிர்வகிப்பது பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் வாடகை வீடு. கணவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, 22,000 சம்பளம். அவர் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, 12,000. மொத்தம் 34,000. ஒன்றாம் தேதியே வாடகை 7,500 போய்விடுகிறது. மிச்சம்தான் அந்த 26,500.

இனி வரப்போவதைப் பாருங்கள். ஐந்தாம் தேதி வண்டி இஎம்ஐ 3,200. ஏழாம் தேதி மகளிர் குழுத் தவணை 1,850. பத்தாம் தேதி சீட்டு 2,000. பால், பேப்பர், கேபிள் எல்லாம் சேர்ந்து 2,300. கேஸ் 900. இரண்டு போனுக்கும் ரீசார்ஜ் 600. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 900 வருகிறது, அதில் பாதி 450. கூட்டினால் 11,300. ஆக 26,500-இல் மிஞ்சுவது 15,200.

இதுவரைக்கும் பலரும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். எல்லோரும் கோட்டை விடுவது அடுத்த படியில். ஜூனில் பள்ளிக் கட்டணம் 28,000. தீபாவளிக்கு 12,000. எல்ஐசி பிரீமியம் 8,200. வண்டி இன்சூரன்ஸ் 1,800. வருடம் முழுக்க மொய், சீர், காதுகுத்து என்று 10,000. மொத்தம் 60,000. இதை 'திடீர்ச் செலவு' என்கிறோம். தீபாவளி என்றைக்கு என்று ஜனவரியிலேயே காலண்டரில் அச்சடித்துத் தொங்குகிறது. அது எப்படித் திடீர்ச் செலவு ஆகும்? பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. அதையும் கழித்தால் 10,200. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 340 ரூபாய்.

மளிகை, காய்கறி, பெட்ரோல், பிள்ளையின் நோட்டுப் புத்தகம், தலைவலி மாத்திரை எல்லாம் அந்த 340-க்குள்தான். திரையில் 26,500 என்று பார்க்கும்போது வருகிற தைரியம், 340 என்று பார்க்கும்போது வருவதில்லை. இந்த இரண்டாவது எண்ணைத்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. (மொய் வந்தால் நோட்டுப் போட்டு ஊர், பெயர், இனிஷியல் வரை எழுதி வைக்கிறோம். நம் வீட்டுச் செலவை மட்டும் எழுத மாட்டோம். ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.)

சரி, எண் தெரிந்துவிட்டது. அதை எப்படிக் காப்பாற்றுவது?

எங்கள் பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் அரிசிப் பானைக்குள் ஒரு சுருக்குப்பை, கடுகு டப்பாவுக்கு அடியில் மடித்த நோட்டு, பீரோவில் புடவை மடிப்புக்குள் கொஞ்சம் என்று அவருடைய சிறுவாடு நாலைந்து இடத்தில் இருக்கும். எது எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். திருவிழாவுக்கு வைத்ததைப் பால்காரருக்கு எடுக்கவே மாட்டார். பணத்தைக் கண்ணில் படும் ஒரே இடத்தில் போட்டால் அது செலவாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ சம்பளம், இஎம்ஐ, பள்ளிக் கட்டணம், டீக்கடை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டு, அதையே யுபிஐ-யிலும் இணைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

அதனால் குறைந்தது இரண்டு கணக்கு. ஒன்று வரவுக் கணக்கு. சம்பளம் இதில் விழும், இஎம்ஐ, பிரீமியம் மாதிரி தேதி குறித்துப் போகிற பணம் இதிலிருந்து போகும். வாடகையையும் இதிலிருந்தே வங்கிச் செயலி வழியாக அனுப்பிவிடலாம். இதை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள். ஏடிஎம் கார்டு வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று செலவுக் கணக்கு. வாரா வாரம் திங்கட்கிழமை வரவுக் கணக்கிலிருந்து இதற்கு ஒரு தொகை மாற்றுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு 340-ஐ ஏழால் பெருக்கினால் 2,380, அதாவது 2,400 என்று வைத்துக்கொள்ளலாம். யுபிஐ இந்தக் கணக்கில் மட்டும்தான். வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் வியாழக்கிழமையே தெரியும். பதினெட்டாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

வருடச் செலவுக்கான அந்த 5,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கும் டெபாசிட்டாக, பிடிக்கும்படி செய்துவிடுங்கள். ஒரே ஆர்.டி.யாகப் போடுவதை விட, பள்ளிக் கட்டணத்துக்கு மே மாதம் முதிர்வது ஒன்று, தீபாவளிக்கு செப்டம்பரில் முதிர்வது ஒன்று என்று பிரித்தால் வசதி.

இரண்டாவது கணக்கு என்றதும் எல்லோரும் கேட்பது, "அதுக்கும் மினிமம் பேலன்ஸ் வைக்கணுமே?" வைக்கத் தேவையில்லாத கணக்குகள் நிறைய இருக்கின்றன. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கியிலும் உண்டு. அதில் ஒரு ரூபாய்கூட இருக்க வேண்டியதில்லை, மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். 2014-இல் வந்த ஜன் தன் கணக்கும் இந்த வகைதான். ஒரு நிபந்தனை, அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. ஆகவே வேறு வங்கியில் திறக்க வேண்டும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே மினிமம் பேலன்ஸ் நிபந்தனையை எடுத்துவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆப் பரோடா ஆகியவை 2025-இன் நடுவில் சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு அபராதத்தை நீக்கின. பெரும்பாலான தனியார் வங்கிகளில் அது இன்னும் இருக்கிறது.

தனியார் வங்கிக் கணக்கு இருப்பவர்கள் 'மினிமம் பேலன்ஸ்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். 5,000 என்றால் எந்த நிமிடமும் 5,000-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மாத சராசரி. ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கில் நிற்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். முப்பது நாள் மாதத்தில் 5,000 சராசரி வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். ஐந்து நாள் 30,000 வைத்திருந்து, மிச்சம் இருபத்தைந்து நாளும் கணக்கைத் துடைத்து வைத்தாலும் சராசரி 5,000 வந்துவிடும். மாறாக மாதம் முழுக்க 2,000 மட்டும் கிடந்தால் கூட்டுத்தொகை 60,000-தான். அதைக் கடைசி மூன்று நாளில் சரிக்கட்ட, அந்த மூன்று நாளும் கூடுதலாக 30,000 வைக்க வேண்டியிருக்கும். சில வங்கிகள் மூன்று மாதச் சராசரி பார்க்கும். கிளையில் கேட்டுவிடுங்கள்.

குறைந்தால் உடனே அபராதம் போட்டுவிட முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. 2015 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, முதலில் உங்களுக்குத் தகவல் தந்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகவும் கூடாது. ஆனால் பூஜ்யம் வரைக்கும் உறிஞ்சலாம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக ஆயிரம் ரூபாய் வந்தபோது, பல பெண்களின் கணக்கில் வந்த வேகத்தில் பழைய கட்டணப் பாக்கிக்குப் பிடிக்கப்பட்டது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்படிப் பிடிக்கக் கூடாது என்று வங்கிகளை எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் தொடாத பழைய கணக்கு ஏதாவது உங்களுக்கு இருந்தால், ஒருநாள் நேரில் போய் மூடிவிட்டு வாருங்கள்.

இப்போது இஎம்ஐ. இதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன். ஐந்தாம் தேதி பைக் தவணை. அன்றைக்கு மதியம் சம்பளம் வந்துவிடும், மாலைக்குள் பிடித்துக்கொள்வார்கள் என்று இருந்தேன். தானியங்கிப் பிடித்தம் காலையிலேயே வந்துவிட்டது. கணக்கில் நூற்றுச் சொச்சம் குறைவு. அந்த நூறு ரூபாய்க்கு வங்கி 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 எடுத்தது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போட்டது.

அந்த 590 எவ்வளவு பெரிய தொகை தெரியுமா? பெரிய வங்கிகள் பலவும் 2025-இன் நடுவில் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன. 20,000 ரூபாயை ஒரு வருடம் தொடாமல் வைத்தால் வட்டி 500. பணம் போதாமல் தவணை திரும்பிப் போகும் ஒரே ஒரு பவுன்ஸ், ஒரு வருட வட்டியைச் சாப்பிட்டுவிட்டு மேலே 90 ரூபாயும் கேட்கிறது. எந்த வங்கியில் அரை சதவீதம் கூடுதல் என்று தேடி அலைவதை விட, தவணைத் தேதிக்கு முந்தைய நாள் இரவே பணம் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது லாபம். தவணை தவறினால், நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் அறிக்கையிலும் அது ஏறக்கூடும். சம்பளம் ஐந்தாம் தேதி வருகிறதென்றால், தவணையைப் பத்தாம் தேதிக்கு மாற்றித் தர முடியுமா என்று கடன் கொடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் நட்டமில்லை.

அப்புறம், பாஸ்புக். "ஆப்பிலேயே எல்லாம் தெரியுதே" என்று இப்போது அதை யாரும் பதிய வைப்பதில்லை. தெரிகிறதுதான். ஆனால் பத்து ரூபாய் டீ, இருபது ரூபாய் ஷேர் ஆட்டோ என்று மாதம் நூறு வரி ஓடும்போது அதில் 27 ரூபாய் 14 காசு கண்ணிலேயே படாது. அது என்ன 14 காசு? இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் 23 ரூபாய் வரை கட்டணம் போடலாம் என்பது 2025 மே முதல் உள்ள விதி. அதோடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 27.14. சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம், பிற வங்கி ஏடிஎம்மில் சென்னை மாதிரி பெருநகரம் என்றால் மூன்று, மற்ற ஊர்களில் ஐந்து. பேலன்ஸ் பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். பொதுவாக, காசோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும் தொகையைக் கண்டால் அது ஜிஎஸ்டி சேர்ந்த ஏதோ ஒரு கட்டணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரியில் விரலை வைத்து, என்ன என்று கேளுங்கள்.

எங்கள் பெரியக்கா அப்படித்தான் ஒருமுறை பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாருடா, 436 ரூபாய். வருஷா வருஷம் எடுத்திருக்கான். பக்கத்திலேயே ஒரு 20." பார்த்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகள். எப்போதோ கிளையில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு. "நல்லதுதான்க்கா, இருக்கட்டும்" என்றேன். ஆனால் எனக்குத் திக்கென்றது. அவளுக்கே தெரியாத காப்பீட்டை, அவளுக்கு ஒன்று ஆனால் பிள்ளைகள் எப்படிப் போய்க் கேட்பார்கள்? கேட்டால்தானே வரும். உங்கள் வீட்டுப் பாஸ்புக்கில், மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் இந்த இரண்டு தொகையும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அவசரத்துக்கு என்று கொஞ்சம் பணம் சேர்ந்தால் அதைச் சேமிப்புக் கணக்கில் விட வேண்டாம், ஃபிக்சட் டெபாசிட்டில் போடலாம். ஒரே 50,000-ஆகப் போடாமல் பத்துப் பத்தாயிரமாக ஐந்து போடுங்கள். ஆஸ்பத்திரிக்கு 8,000 வேண்டியிருந்தால் ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம், மற்ற நான்கும் வட்டி குறையாமல் ஓடும். ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

இரண்டு கணக்கு வைத்திருப்பதன் இன்னொரு லாபம், ஏமாற்றுக்காரனிடம் சிக்கும்போது தெரியும். செலவுக் கணக்கில் 1,700 ரூபாய் கிடக்கும்போது அவன் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் 1,700-தான் கிடைக்கும். "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால், வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எங்கும் தேவையில்லை. அதையும் மீறிப் போய்விட்டால் அன்றைக்கே, முடிந்தால் அந்த நிமிடமே, 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியாக இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்திருந்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது 2017-இலிருந்து ரிசர்வ் வங்கி விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் நட்டம்தான். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் இதில் எல்லோரும் செய்கிற தப்பு.

கடைசியாக ஒன்று. சித்தப்பா போனபோது அவர் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது, நாமினியும் கிடையாது. உள்ளே இருந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம்தான். அதை எடுக்கச் சித்தி வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்குமாக நான்கு மாதம் நடந்தார். காரியச் செலவுக்குக் கைமாற்று வாங்கினோம், சித்தப்பாவின் பணம் வங்கியிலேயே கிடந்தது. கணவன் மனைவி என்றால் வரவுக் கணக்கைக் கூட்டுக் கணக்காக, இருவரில் ஒருவரோ எஞ்சியிருப்பவரோ இயக்கலாம் என்ற வகையில் மாற்றிக்கொள்ளுங்கள். நாமினியும் தனியாகப் போடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். ஆனால் அவர் இருந்தால் பணம் வெளியே வந்துவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். நாமினேஷன் பதிவாகியிருந்தால் அங்கே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் கிளையில் நாமினேஷன் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.